பதினான்கு வயது மகள் விரும்பி வாசிக்கக்கூடிய தமிழ் நூல்கள் எவை?

பண்டாரவளையில் வசிக்கும் தாய் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார். தரம் ஒன்பதில் படிக்கும் தம் மகள் பாடநூல்களைத் தவிர வேறெதையும் திறப்பதில்லை என்றும், பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த நீதிக்கதைத் தொகுப்பும் விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறும் பிரிக்கப்படாமலே மேசையில் கிடக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார். டிக்கோயாவுக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இதற்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், மலையகப் பிள்ளை மலையக இலக்கியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்பினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாழ்க்கையின் துயரத்தைச் சொல்லும் நாவலொன்றைத் தரம் பத்து மாணவன் ஒருவனிடம் பெருமையோடு கொடுத்தேன். இரண்டாம் நாளே அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "சேர், இதெல்லாம் எங்க அம்மாயி சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான். வேற கதை இல்லையா?" என்று கேட்டான். அன்று எனக்கு அது வருத்தமாக இருந்தது. விடியுமுன் எழுந்து, தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குத் தாய் போகுமுன்பே வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பனியில் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது வேறோர் உலகம் என்பது பிறகுதான் விளங்கியது. குதிரையும் கடலும் சுரங்கப்பாதையும் இரகசியமும் நிறைந்த உலகம் அது. அதன்பின் நான் நூல் கொடுக்கும் வரிசையை மாற்றிக்கொண்டேன். மலைக்கு வெளியே அழைத்துச் செல்லும் கதைகளை முதலில் கொடுத்து, மலைக்குத் திரும்ப அழைத்து வரும் கதைகளை அதன்பின் கொடுக்கிறேன்.

வெளியே அழைத்துச் செல்வதில் கல்கிக்கு இணையாக இன்னும் எவரையும் நான் காணவில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது என்பதாலேயே பெற்றோர் தயங்குகிறார்கள். ஆனால் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனைப் பின்தொடரத் தொடங்கிய பிள்ளை பக்கங்களை எண்ணுவதில்லை. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' தனிச்சுவை உடையது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு வலித்து வந்தியத்தேவனை ஈழக்கரையில் சேர்க்கிறாள். அருள்மொழிவர்மனைத் தேடி வரும் அவன் தம்பள்ளையை அடைகிறான். தம்பள்ளை என்பது நம் தம்புள்ளைதான் என்று வகுப்பில் சொன்னபோது, கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே போகும் அந்தப் பாதையில் சுற்றுலா சென்று குகைக் கோயிலைப் பார்த்து வந்திருந்த பிள்ளைகளின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. ஐந்து பாகங்கள் மிகுதி என்று தோன்றினால் அதைவிட மிகச் சிறியதான 'பார்த்திபன் கனவு' நாவலில் தொடங்கலாம். அதில் வரும் சிவனடியார் யார் என்பதை மட்டும் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அந்தப் புதிரை அவளே அவிழ்க்க வேண்டும்.

அரசர் காலத்துக் கதையில் மனம் ஒட்டாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நான் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கொடுப்பது வழக்கம். எண்பதுகளில் எழுதப்பட்ட அந்நாவல் 2020களில் நடப்பதாக அமைந்தது. மக்கள் இரண்டெழுத்துப் பெயர்களோடு மட்டுமே வாழ அனுமதிக்கப்பட்ட ஓர் ஆட்சியில், நிலா என்ற இளம்பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும் செய்யும் சாகசமே கதை. கதை நடக்கும் காலத்தை இன்றைய பிள்ளைகள் நேரில் கண்டுவிட்டதால், எழுத்தாளர் எதைச் சரியாக ஊகித்தார், எதில் தவறினார் என்ற விவாதம் தானாகவே எழுகிறது.

ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் மகளுக்கு ஒரே ஒரு நூலைச் சொல்லுமாறு கேட்டால் நான் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'யைத்தான் சொல்வேன். தெட்சுகோ குரோயாநாகி என்ற ஜப்பானியப் பெண்மணி தம் சிறுவயதுப் பாடசாலையைப் பற்றி எழுதி 1981இல் வெளியிட்ட நூல் இது. தமிழ் மொழிபெயர்ப்பை இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. முதலாம் வகுப்பிலேயே பாடசாலையிலிருந்து நீக்கப்பட்ட குறும்புக்காரச் சிறுமி, பழைய புகையிரதப் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட வேறொரு பாடசாலைக்கு வருகிறாள். முதல் நாளே தலைமையாசிரியர் கோபயாஷி அவள் பேச்சை மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பகலுணவில் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டும் என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லும் பகுதியை வாசித்த மறுநாள், எங்கள் வகுப்பில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்த பிள்ளைகள், சம்பலில் இடித்த மாசிக்கருவாடு கடல், தேங்காய் மலை என்று தாங்களாகவே பிரித்து விளையாடினார்கள். தேங்காய் மலையில் விளைவதில்லை என்று நான் திருத்தவில்லை. போலியோவால் பாதிக்கப்பட்ட நண்பனை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயத்தை மட்டும் வாசித்தாலும் போதும். மீதியை அவளே தேடி வாசிப்பாள்.

இதற்கு அடுத்ததாகச் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' குறுநாவலைக் கொடுங்கள். தானே அரைகுறையாகப் படித்த ஓர் இளைஞன் கிர்கீசிய மலைக்கிராமத்தில் பாடசாலை தொடங்குகிறான். உறைய வைக்கும் ஓடையில் பிள்ளைகளைத் தன் முதுகில் சுமந்து கடக்கிறான். ஓரறைக் கட்டிடத்தில் எல்லா வகுப்புகளும் ஒன்றாக அமர்ந்த தோட்டப் பாடசாலைகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், மகள் வாசித்து முடித்தபின் அவர்களும் வாசிக்கட்டும்.

சிங்கள நண்பிகள் இருக்கும் பிள்ளையாயின் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'வையும் சேர்த்துக்கொள்ளலாம். 1947இல் வெளிவந்த இந்நூல் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. உபாலி, ஜின்னா என்ற இரு பையன்கள் வீட்டைவிட்டு ஓடி, ஆளில்லாத ஒரு தீவில் குடியேறும் கதை இது. நண்பிகள் அதைச் சிங்களத்தில் வாசித்திருப்பார்கள், ஆகவே ஒரே கதையைப் பற்றி இரண்டு மொழிகளில் பேசுவதற்கு வாய்ப்புக் கிடைக்கும். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் போன்ற சித்திரக்கதைகளையும் தடுக்காதீர்கள், அவையும் வாசிப்புதான்.

இவற்றில் நான்கைந்தை முடித்த பிள்ளையிடமே நான் நம் மலையின் கதைகளைக் கொடுக்கிறேன். அப்போதும் நாவலைக் கொடுப்பதில்லை, சிறுகதையைத்தான் கொடுக்கிறேன். என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுப்பின் தலைப்புக் கதையே நல்ல தொடக்கம். கொழுந்து பறிக்கும் ஓர் இளம்பெண்ணின் ரோசத்தை அத்தனை அழகாகச் சொல்லும் கதை அது. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுப்பையும், துரைவி பதிப்பகம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வெளியிட்ட 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய பெருந்தொகுப்புகளையும் அடுத்து வைக்கலாம். மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சில பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்று பாட்டிமாரிடம் பாடிக் காட்டியிருக்கிறார்கள். நாவலைத் திருப்பித் தந்த அந்த மாணவனும் உயர்தரம் படிக்கும்போது என்னிடம் வந்து, "அந்த முதல் புத்தகம் இன்னும் இருக்கா சேர்?" என்று கேட்டு வாங்கிச் சென்றான்.

நூல்கள் கிடைக்குமா என்ற கவலை உங்களுக்கு இருக்கும். கல்கியின் நாவல்களை மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். மலையக நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் பெரும் களஞ்சியம். 2005 முதல் இயங்கிவரும் அத்தளத்தில் பதிப்பில் இல்லாத பல நூல்களும் உள்ளன. மற்றவற்றை நகரத்துப் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். உறுப்புரிமைப் பத்திரத்தில் மகளையே கையெழுத்திடச் செய்யுங்கள். பாடசாலை நூலகத்தை நான் வேண்டுமென்றே கடைசியில் சொல்கிறேன். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் வாசிப்பின் பயன்கள் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, நூல் அலுமாரியை ஆண்டு முழுவதும் பூட்டி வைத்திருக்கும் பாடசாலைகளை நான் கண்டிருக்கிறேன். அது எனக்கு இன்றும் தாங்க முடியாத வேதனை.

வாசித்து முடித்ததும் "என்ன படிப்பினை கிடைத்தது?" என்று மகளிடம் கேட்க வேண்டாம், யாரைப் பிடித்தது, எந்த இடத்தில் கோபம் வந்தது என்று கேளுங்கள், அல்லது நீங்களும் வாசித்துவிட்டு உங்களுக்குப் பிடித்த இடத்தைச் சொல்லுங்கள். முப்பது பக்கம் வாசித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைக்க அவளுக்கு உரிமை கொடுங்கள். இந்தத் தவணை விடுமுறைக்கு டோட்டோ-சானையும் சுஜாதாவையும் இரண்டையுமே அவள் கையில் கொடுத்து, எதை முதலில் திறப்பது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.