கல்வெட்டில் அம்மாவின் பெயர் – கடிதம்

வணக்கம் ஐயா,

நானும் என்னுடன் படித்த பதினோரு பேரும் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். எங்களில் ஒருவன் நைரோபியில் வேலை பார்க்கிறான். கென்யாவின் உட்கிராமம் ஒன்றில் இரண்டு வகுப்பறை கட்டித்தரலாம் என்பது அவன் யோசனை. விடுமுறையில் நாங்களே போய்ச் சுவர் எழுப்பி, வண்ணம் பூசிவிட்டு வருவதாக இருக்கிறோம். வீட்டிலோ, ‘நம் ஊர்ப் பள்ளியில் கழிப்பறைக்குக் கதவு இல்லை, ஆப்பிரிக்காவுக்கு என்ன அவசரம்?’ என்கிறார்கள். மறைந்த என் அம்மா முப்பது வருடம் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பாடம் நடத்தியவர். நுழைவாயிலில் அவர் பெயரில் ஒரு கல்வெட்டு வைக்க ஆசை. நாங்கள் செய்வது சரிதானா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கதவு எவ்வளவு ஆகும்? அதைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ‘இங்கே இல்லாததா?’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இங்கேயும் கொடுப்பதில்லை என்பது என் அனுபவம். (உங்கள் வீட்டாரைச் சொல்லவில்லை.)

என் தயக்கம் நீங்கள் சுவர் எழுப்பப் போவதில்தான். கொத்துக்கரண்டி பிடித்தறியாத பதினோரு பேரின் விமான டிக்கெட்டில் இன்னொரு வகுப்பறையே எழும்பலாம். கென்யாவில் கொத்தனார்களுக்குப் பஞ்சமில்லை. சேர்ந்து கட்டுவதையும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1963-இல் விடுதலை பெற்றபின், ‘ஹராம்பே’, அதாவது கூடி இழுப்போம் என்ற அழைப்பை ஏற்று, ஊர்கள் தாங்களே காசும் உழைப்பும் போட்டு எழுப்பிய உயர்நிலைப் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்தச் சொல் அவர்களின் அரசுச் சின்னத்திலேயே இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் காண்டோ என்றொரு கிராமம். அதன் தலைவரின் மூத்த மகன் ஃபிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வெளியூருக்கு அனுப்பப்பட்டவர். தச்சுவேலை பயில ஜெர்மனி போனவர், பிறகு பெர்லினில் கட்டடக்கலை படித்தார். மாணவராக இருந்தபோதே பணம் திரட்டி, 2001-இல் தன் ஊருக்கு ஒரு பள்ளியைக் கட்டி முடித்தார். களிமண்ணில் கட்டப்போகிறேன் என்றதும் ஊரார் முகம் சுளித்தார்கள். மழையில் கரையும் மண்ணுக்கா ஜெர்மனி போய்ப் படித்தான்? கான்கிரீட்தான் பள்ளிக்கூடம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கான்கிரீட் வகுப்பறை அந்த வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும் என்பதை அதில் உட்கார்ந்து படித்த கெரே அறிவார். மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து கற்கள் அறுத்தார். தகரக் கூரையைச் சுவரின்மேல் நேராகப் போடாமல், கம்பிச் சட்டத்தில் உயர்த்தி நிறுத்தினார். உள்கூரையின் இடுக்குகள் வழியாகச் சூடு மேலேறிப் போய்விடும். மின்விசிறி கேட்காத கட்டடம். கேட்டாலும் அன்று அங்கே மின்சாரம் இல்லை. பிள்ளைகள் கல் கொண்டுவந்தார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள், தரையை ஊரே கூடித் திமிசு போட்டது.

2004-இல் அந்தப் பள்ளிக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. 2022-இல் கெரேக்குக் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு. எனக்கு விருதுகளைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அங்கே வேலை கற்ற ஊர்க்காரர்கள் அதே தொழிலில் அடுத்தடுத்த கட்டடங்களுக்குப் போனார்கள். சுவரில் விரிசல் விட்டால் காண்டோ யாருக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

ஊரைக் கேட்காமல் கொடுத்தால் நல்ல பொருளும் வீணாகும். கென்யாவின் மேற்கே புசியா பகுதியில், பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற மைக்கேல் கிரெமரும் சகாக்களும் 1990களில் பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் அசையவில்லை. முன்பே நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன். காரணம், நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது மூன்றாம் மொழி. அதே பகுதியின் 75 பள்ளிகளில் செய்த ஆய்வில், குடற்புழு மாத்திரை கொடுத்த இடங்களில் பள்ளிக்கு வராமை ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. அந்தக் கணக்கின் மீது பிற்பாடு ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது, அது தனிக்கதை. மாத்திரைக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே நைரோபி நண்பரிடம் வரைபடம் கேட்காதீர்கள். அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழு எப்போது கூடும் என்று கேளுங்கள். அங்கே அவர் பேசாமல் உட்கார்ந்து கேட்கட்டும். வகுப்பறை வேண்டுமா, தண்ணீர்த் தொட்டியா, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறையா? ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு அரசு சம்பளம் தருகிறது? பற்றாக்குறைக்குப் பெற்றோரே காசு போட்டு ஆசிரியர் வைத்துக்கொள்ளும் பள்ளிகள் கென்யாவில் நிறைய. அப்படியிருந்தால் புது வகுப்பறை எழும்பிய கையோடு பூட்டிக் கிடக்கும்.

கல்வெட்டு விஷயம். உபயதாரர் பெயர் எழுதியே வெளிச்சம் மங்கிப்போன ட்யூப்லைட்டுகளைக் கோயில்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அதில் கூச்சம் உண்டு. ஆனாலும் உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு பஸ் என்னை நிறுத்தியது. காண்டோவில் பள்ளிக்கு அடுத்து கெரே கட்டியது ஆசிரியர் குடியிருப்பு. தங்க இடமில்லாத ஊருக்கு ஆசிரியர் வருவதில்லை. உங்கள் கிராமமும் அதையே கேட்குமானால், இரண்டு வகுப்பறையை மறந்துவிட்டு ஒரு வீடு கட்டுங்கள். அம்மாவின் பெயரை, ஊர் ஒப்புக்கொண்டால், அதன் வாசலில் சின்னதாக எழுதுங்கள்.