‘நேரம் இருந்தால் உதவுகிறேன்’: ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது?

கேள்வி: வேலைக்காக மாட்ரிட் வந்து எட்டு மாதமாகிறது. உடன் வேலை செய்பவர் வீடு மாற்றுகிறார். சனிக்கிழமை சாமான் தூக்க வருவாயா என்று கேட்டார். ‘நேரம் இருந்தால் உதவுகிறேன்’ என்று சொல்ல நினைத்து ‘ஸி தெங்கா தியெம்போ’ என்று தொடங்கினேன். ‘தெங்கா இல்லை, தெங்கோ’ என்று திருத்தினார். சற்று நேரத்தில் அவரே இன்னொருவரிடம் ‘தெங்கா’ என்கிறார். எப்போது எதைச் சொல்ல வேண்டும்?

பதில்: இரண்டுமே சரியான வடிவங்கள்தான். முன்னால் எந்தச் சொல் வருகிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. நமக்கு ‘இருந்தால்’ என்ற ஒரே வடிவம் எல்லாவற்றுக்கும் போதும் என்பதால் இந்தக் குழப்பம் வருவது இயல்பு.

‘ஸி’ (அதாவது ‘-ஆல்’) வந்தால், நடக்கக்கூடிய விஷயத்துக்குச் சாதாரண நிகழ்காலம்: ‘ஸி தெங்கோ தியெம்போ, தே அயூதோ’. இந்த இடத்தில் ‘தெங்கா’ வரவே வராது. நாளைக்குத்தானே என்று எண்ணி எதிர்கால வடிவமான ‘தெந்த்ரே’யைப் போடுவதும் தவறு. ஐயம், விருப்பம் என்றாலே ‘தெங்கா’ வகை வடிவம்தான் என்று வகுப்பில் படித்தவர்கள்தான் பெரும்பாலும் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

உங்கள் நண்பர் இரண்டாவது முறை ‘ஸியெம்ப்ரே கே’ என்று தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். ‘இந்த நிபந்தனைக்கு உட்பட்டுச் சரி’ என்று கறாராகச் சொல்வது அது. அதன்பின் ‘தெங்கா’தான். ஆனால் ‘ஸியெம்ப்ரே கே தெங்கோ தியெம்போ’ என்றும் சொல்வார்கள். அப்போது பொருள் வேறு: ‘நேரம் கிடைக்கும்போதெல்லாம்’. ஒரே எழுத்து மாறினால் நிபந்தனை வழக்கமாகிவிடும். இந்தச் சங்கடமே வேண்டாம் என்றால் ‘ஸியெம்ப்ரே இ குவாந்தோ’ என்று சொல்லிப் பழகுங்கள். அதற்கு நிபந்தனைப் பொருள் மட்டுமே உண்டு, பின்னால் எப்போதும் ‘தெங்கா’ வடிவம்தான்.

தவறிக்கூட ‘ஸி துவியேரா தியெம்போ, தே அயுதாரீயா’ என்று சொல்லிவிடாதீர்கள். பாடப்புத்தகத்தில் பணிவாகத் தெரியும். கேட்பவருக்கோ ‘நேரம் இருந்தால் உதவியிருப்பேன், இல்லையே’ என்றுதான் படும். வேறு ஆளைத் தேடப் போய்விடுவார்.

உச்சரிப்பிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ‘ஆம்’ என்பதும் ‘ஸி’, ‘-ஆல்’ என்பதும் ‘ஸி’. எழுத்தில் ‘ஆம்’ என்பதற்கு மட்டும் மேலே ஒரு கோடு உண்டு. பேச்சில் முதல் ‘ஸி’யை அழுத்திச் சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, இரண்டாவதை அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுங்கள்: ‘ஸி… ஸிதெங்கோ தியெம்போ’. வாட்ஸ்அப்பில் பலர் அந்தக் கோட்டைப் போடுவதில்லை. அங்கே ஒரு காற்புள்ளியாவது போட்டால் படிப்பவருக்கு நிம்மதி.

‘வரேன்’ என்பதை அப்படியே பெயர்க்காதீர்கள். அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போவதாக இருந்தால் ஸ்பானிஷில் ‘போகிறேன்’ என்று பொருள்படும் ‘வோய்’தான். ‘வெங்கோ’ அல்ல.

மாட்ரிட்டில் ‘என் ப்ரின்சிப்பியோ, ஸி’ என்ற பதிலும் அடிக்கடி காதில் விழும். அதைக் கொள்கையளவில் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இப்போதைக்குச் சரி, இடையில் ஏதும் வந்தால் மாறலாம்’ என்பதே பொருள். நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். வெறுமனே ‘தெபெந்தே’ (பொறுத்தது) என்று நிறுத்துவதைவிட இது எவ்வளவோ இதமானது. ‘தெபெந்தே’ என்றால் எதைப் பொறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: ‘தெபெந்தே தே லா ஓரா’, நேரத்தைப் பொறுத்தது.

சனிக்கிழமை விஷயத்தில் என் யோசனை இதுதான். வீடு மாற்றுபவருக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிய வேண்டும். ‘நேரம் இருந்தால்’ என்பது அவருக்கு உதவாது. காலையில் மட்டும் முடியுமென்றால் ‘ஸி, பெரோ ஸோலோ போர் லா மன்யானா’ என்று சொல்லுங்கள். சரி, ஆனால் காலையில் மட்டும். இதில் ‘தெங்கோ’வும் வேண்டாம், ‘தெங்கா’வும் வேண்டாம்.