தொடக்க ஸ்பானிஷ் வகுப்பில் அசல் விளம்பரமும் விண்ணப்பமும்: கேள்வி பதில்

மேடம், என் ஏ1 (தொடக்க நிலை) வகுப்பு தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. ஸ்பெயினில் நிஜமாக வெளிவரும் விளம்பரம், டிக்கெட் எல்லாம் இப்போதே கொடுக்கலாமா? மிரண்டுவிட மாட்டார்களா?

தாராளமாகக் கொடுங்கள். அவர்கள் மிரளுவது தாளைப் பார்த்து இல்லை, "முழுசாக மொழிபெயருங்கள்" என்று நாம் சொல்வதைக் கேட்டுத்தான். நான் முதலில் எடுப்பது வாடகை வீட்டு விளம்பரம். "செ அல்கீலா பீசோ. 3 ஆப்., 2 பான்யோஸ், ஆசென்சோர், சின் முவெப்ளெஸ்." இவ்வளவுதான்: வீடு வாடகைக்கு, 3 அறை, 2 குளியலறை, லிஃப்ட் உண்டு, மேசை நாற்காலி எதுவும் கிடையாது. வினைச்சொல் ஒன்றே ஒன்று. இதே மாதிரி நான்கு விளம்பரங்களைக் கையில் கொடுத்து, படி ஏற முடியாத பாட்டிக்கு எந்த வீடு சரிப்படும் என்று கேளுங்கள். ஆசென்சோர் என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள், அப்புறம் அது மறக்கவே மறக்காது.

சுருக்கெழுத்தை எல்லாம் விரித்து, கடினமான சொற்களை மாற்றிக் கொடுத்தால் இன்னும் எளிதாக இருக்குமே?

வேண்டாம். 'ஆப்.' என்றால் ஆபித்தாசியோனெஸ், அதாவது அறைகள் என்று பக்கத்திலிருக்கும் எண்ணை வைத்து ஊகிப்பதுதானே அங்கே நடக்கும் படிப்பு. அதை நாமே செய்துவிட்டால் மாணவருக்கு என்ன மிச்சம்? தாள் கடினமாகத் தெரிந்தால் அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடுங்கள், இல்லை கேள்வியைச் சுலபமாக்குங்கள். தாளில் கை வைக்காதீர்கள்.

நூறு சொல்கூடத் தெரியாதவர்களை என்ன எழுதச் சொல்வது? "என் குடும்பம்" என்று கட்டுரை கொடுத்தேன், எல்லாரும் ஒரே மாதிரி எழுதி வந்தார்கள்.

கட்டுரையை விட்டுவிடுங்கள். 2001-இல் வெளிவந்த ஐரோப்பிய மொழித்திறன் சட்டகமே ஏ1 நிலைக்குக் கேட்பது விடுதிப் படிவத்தில் பெயர், நாடு, முகவரி நிரப்புவதும், சின்னதாக ஓர் அஞ்சலட்டை எழுதுவதும்தான். எதைப் படித்தார்களோ அதே வடிவத்தில் எழுதட்டும். விளம்பரம் படித்தார்களா, தங்கள் கனவு வீட்டுக்கு ஒரு விளம்பரம். மறுநாள் இன்னொரு மாணவர் அதைப் பார்த்து, "லிஃப்ட் இருக்கிறதா, வாடகை எவ்வளவு" என்று இரண்டே கேள்வியோடு பதில் எழுதட்டும். எழுதியதை ஒருவர் நிஜமாகவே படிக்கிறார் என்றால் அவர்களாகவே திருத்தித் திருத்தி எழுதுகிறார்கள், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தையும் விடாதீர்கள். ஸ்பெயினின் படிவத்தில் முதல் அபெயீதோ, இரண்டாம் அபெயீதோ என்று இரண்டு கட்டம் இருக்கும், அப்பா வழிக் குடும்பப்பெயர் ஒன்று, அம்மா வழி ஒன்று. "ஏன் இரண்டு?" என்று மாணவர்களே கேட்பார்கள். நீங்கள் பண்பாட்டுக்கென்று தனிப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

'மெ குஸ்தா', அதாவது 'எனக்குப் பிடிக்கும்' என்று எழுதுவதில் தப்பு தீரவே மாட்டேன் என்கிறது!

தமிழை வைத்தே சொல்லிக்கொடுங்கள். 'எனக்குப் பிடிக்கும்' என்பதன் அதே கட்டமைப்பு, 'நான்' என்று தொடங்கவே வேண்டாம். ஒன்று மட்டும் மாறும். பூனை ஒன்றானாலும் பத்தானாலும் நமக்குப் 'பிடிக்கும்'தான், ஸ்பானிஷில் பன்மைக்கு 'குஸ்தான்' ஆகிவிடும். பெரும்பாலான தப்பு அந்தக் கடைசி 'ன்'னில்தான் வருகிறது.

கேள்வியின் தொடக்கத்தில் வரும் தலைகீழ்க் கேள்விக்குறியைக் (¿) கட்டாயப்படுத்தணுமா? அங்கிருப்பவர்களே செல்போனில் போடுவதில்லையே.

அரட்டையில் விடுகிறார்கள், உண்மைதான். படிவத்திலும் கடிதத்திலும் போடச் சொல்லுங்கள். 'தியெனெஸ் காதோ' என்றால் உன்னிடம் பூனை இருக்கிறது, அதே சொற்கள், அதே வரிசை, கேள்வியாகவும் வரும். வாக்கியம் நீளமானால் இது கேள்வி என்று தொடக்கத்திலேயே தெரியட்டும் என்றுதான் ஸ்பானிஷ் அகாதமி 1754-இல் அந்தக் குறியைக் கொண்டுவந்தது.

அர்ஜென்டினா விளம்பரத்தில் 'வா' என்பதற்கு 'பெனீ' என்று இருந்தது, புத்தகத்தில் 'பென்'. அச்சுப்பிழையா?

இல்லை, அங்கே 'நீ' என்பதற்கு 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்', அதற்கான ஏவல் வடிவம் அது. ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

வீட்டில் எழுதச் சொன்னால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்து வருகிறார்கள், மேடம்.

வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வகுப்பிலேயே பத்து நிமிடம், கையால், முன்னால் அந்த விளம்பரத்தை வைத்துக்கொண்டு எழுதட்டும். தேவையான சொல்லெல்லாம் அந்தத் தாளிலேயே கிடைக்கும்போது செயலியை யாரும் தேட மாட்டார்கள்.