குடலை வெளியே எடுக்கும் வெட்டு எங்கே? வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். துளை போட்டு, லேப்ராஸ்கோப்பியில் செய்யப் போகிறார்கள். அதிலும் ஹெர்னியா வருமா?

பதில்: வரும். ஹெர்னியா என்றால் வெட்டித் தைத்த இடம் பலவீனமாகி, உள்ளிருக்கும் குடல் அதன் வழியே தோலுக்கடியில் புடைப்பது. துளைகள் 5 முதல் 12 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் அறுத்த குடலை வெளியே எடுக்க நாலைந்து சென்டிமீட்டருக்காவது ஒரு வெட்டு வேண்டும். பெரும்பாலும் ஹெர்னியா வருவது அங்கேதான். நடுவயிற்றில் நெடுக்காக வெட்டினால் ஆபத்து அதிகம். அந்த இடத்தில் இரு பக்கத் தசைகளின் உறைகள் கூடும் வெண்பட்டை மட்டுமே இருக்கிறது, தாங்கத் தசை இல்லை. இருமினாலும் முக்கினாலும் பக்கவாட்டுத் தசைகள் அதைப் பிரித்து இழுக்கும். ஆய்வுகளில் நடுவெட்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேர் என்றால், சிசேரியன் போல அடிவயிற்றில் குறுக்காக வெட்டியவர்களில் ஒன்றிரண்டு பேர்தான். முடிகிற இடத்தில் எல்லாம் அடிவயிற்று வெட்டைத்தான் நான் சொல்வேன். அறுவைக்கு முன்பே கேளுங்கள்: "எந்த வழியாக எடுப்பீர்கள் டாக்டர்?"

கேள்வி: எனக்கு வலது பக்கக் குடலில் அறுவை. நடுவில்தான் வெட்ட வேண்டும் என்கிறார் டாக்டர்.

பதில்: குடலின் அறுத்த இரு முனைகளை வெளியே இழுத்து வைத்து இணைப்பதானால் அவை எட்டும் இடம் தொப்புள் பக்கம்தான். வயிற்றுக்குள்ளேயே இணைத்துவிட்டால் அடிவயிற்று வழியாக எடுக்கலாம். அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். அவருக்குக் கைவந்த முறையை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இணைப்பு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஹெர்னியாவைப் பிறகு சரிசெய்யலாம்.

நடுவெட்டு என்றாலும் தையலில் கவனம் வைத்தால் ஆபத்து குறையும். நெதர்லாந்தில் நடந்த, 2015-இல் வெளியான ஆய்வில், நடுவயிற்றைத் திறந்து அறுவை செய்தவர்களில் அகலத் தையல் போட்டவர்களில் ஓராண்டில் 21 சதவீதம் பேருக்கு ஹெர்னியா வந்தது. 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கித் தைத்தவர்களில் 13 சதவீதம்தான்.

கேள்வி: தண்ணீர்க் குடம் எப்போது தூக்கலாம்?

பதில்: பொதுவாக ஆறு வாரம் போகட்டும். நடப்பதை மட்டும் முதல் நாளிலிருந்தே விடாதீர்கள். சிகரெட்டை இப்போதே நிறுத்துங்கள், மலச்சிக்கல் வராமல் பாருங்கள்.

கேள்வி: தழும்பில் புடைப்பு. படுத்தால் போய்விடுகிறது.

பதில்: சரி, பதற்றம் வேண்டாம், ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள். படுத்தும் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலி, வாந்தி வந்தால் அன்றிரவே அவசர சிகிச்சைக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.