அம்மா எப்போதும் "அஞ்சு" என்கிறார்: வலியை ஓர் எண்ணால் அளக்க முடியுமா?

முட்டி வலி எவ்வளவு என்று கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) 0 முதல் 10 வரை கேட்டால், உங்கள் அம்மா எப்போது போனாலும் "அஞ்சு" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பிசியோதெரபி பார்க்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள் நிறையப் பேர் அப்படித்தான். பத்து என்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், ரெண்டு என்றால் மாத்திரை கிடைக்காது. அஞ்சு வம்பில்லாத எண்!

2008-லிருந்து சுகாதார அமைச்சு, பிரஷர், காய்ச்சல் போல வலியையும் குறிக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த எண் வலியின் கடுமையைத்தான் காட்டும். வலி ஆளை எவ்வளவு வதைக்கிறது என்பது வேறு கணக்கு.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட வினாப்பட்டியலில் வலியைச் சொல்லும் 78 சொற்கள் உண்டு. குத்தல், எரிச்சல் போன்றவை ஒரு பக்கம். களைப்பு, பயம், கொடுமை போன்றவை இன்னொரு பக்கம். 1987-ல் வந்த சுருக்க வடிவத்தில் 15 சொற்கள்: 11 உடம்பில் தெரியும் உணர்வுக்கு, 4 மனசுக்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்.

வலியின் கடுமையும் அது தரும் வேதனையும் தனித்தனியாக ஏறி இறங்குமா? இறங்கும். 1997-ல் ஒரு சோதனையில் கையைச் சுடுநீரில் வைக்கச் சொல்லி, ஹிப்னாசிஸ் மூலம் வேதனையை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். மூளையில் அதற்கேற்ப மாறியது முன்புற சிங்குலேட் பகுதி. தொடு உணர்வுப் பகுதி அப்படி மாறவில்லை.

என்னிடம் வரும் ஒரு அக்கா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். "இடுப்புல குடையுது தம்பி, காலுக்குச் சுள்ளுனு இறங்குது." கடுமை 6 என்றார். எவ்வளவு பாடுபடுத்துது என்றதற்கு 9. அவருக்கு ஒரு பயம்: பக்கத்து லயத்து அண்ணன் இப்படிப் படுத்தவர்தான், எழுந்திருக்கவே இல்லையாம். நரம்பு அழுந்துகிறது, கால் பலம் குறையவில்லை என்று டாக்டர் உட்கார்ந்து விளக்கிய பிறகு 9 என்பது 4 ஆனது. முதல் எண் அப்படியே 6. தூக்கம் வந்துவிட்டது.

அம்மாவிடம் வீட்டிலேயே இரண்டையும் கேளுங்கள்: எவ்வளவு வலிக்குது, எவ்வளவு பாடுபடுத்துது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் எதைப் பயப்படுகிறார் என்றும் கேட்டு எழுதுங்கள். முட்டி சூடாக வீங்கினாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ எண்ணெல்லாம் கேட்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.