பழைய காருக்குப் புதுக் கால்: சஸ்பென்ஷன், வீல், டயர் கேள்வி பதில்

என்னிடம் இருப்பது 2007 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். நான் மெக்கானிக் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, தப்புச் செய்து, காசைத் தொலைத்துக் கற்றுக்கொண்டவன். அதிகம் செலவில்லாமல் பழைய காரின் சஸ்பென்ஷனையும் சக்கரத்தையும் எப்படித் தேற்றுவது என்று வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாருதி, ஹுண்டாய் சின்னக் கார்கள்தான் என் எல்லை.

கேள்வி: அண்ணா, 2008 ஸ்விஃப்ட். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. 15 இன்ச் அலாய் போடலாமா, ஷாக் மாற்றலாமா? ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் டக் டக் என்கிறது. (திருப்பூர்)

அந்தச் சத்தம் போகும்வரை அலாய் பேச்சை எடுக்க வேண்டாம் தம்பி. டக் டக் என்றதுமே "ஷாக் போச்சு சார்" என்பார்கள். பல நேரம் குற்றவாளி லிங்க் ராட்தான். ஸ்டெபிலைசர் பாரையும் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் தண்டு) ஸ்ட்ரட்டையும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) இணைக்கும் விரல் தடிமன் கம்பி அது. இரண்டு முனையிலும் சின்ன பால் ஜாயிண்ட் இருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் சக்கரத்துக்குப் பின்னால் கை போகும். கம்பியைப் பிடித்து உலுக்குங்கள். லொட லொட என்று கையில் தெரிந்தால் ஆள் சிக்கிவிட்டார். ஷாக் விலையோடு பார்த்தால் இது சில்லறைக் காசு.

லிங்க் ராட் இறுக்கமாக இருந்தால் அடுத்ததைத் தேடுங்கள். பிரேக்கில் கால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' கேட்டால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கையின் மூட்டு ரப்பர். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். 15 வருஷ ரப்பர் எதுவுமே ரப்பராக இருக்காது. முதல் காசு அங்கேதான் போக வேண்டும்.

புஷ் மாற்றும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். வண்டி லிஃப்டில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுவார்கள். ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் புஷ் பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் உள்ளே ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை லேசாகப் பிடிக்க வைத்து, வண்டி தன் எடையில் சக்கரத்தில் நின்ற பிறகு கடைசி முறுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். முறைத்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: ஷாக் உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது சார்? பானெட்டை அழுத்திப் பார்த்தால் போதுமா?

போதாது. ஷாக் முழுக்கச் செத்திருந்தால்தான் அந்தச் சோதனையில் வண்டி இரண்டு மூன்று முறை ஆடும். அரை உயிரோடு இருப்பது அதில் தப்பித்துவிடும். டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக்கைச் சந்தேகப்படலாம். ஷாக் உடம்பில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கருப்பாக அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், கூடவே பம்ப் ஸ்டாப் (அடி தாங்கும் ரப்பர்), டஸ்ட் பூட் (புழுதி புகாத உறை), மவுண்ட் மூன்றையும். எப்படியும் ஸ்ட்ரட்டைப் பிரிக்கிறார்கள், கூலி ஒரே கூலிதான். கேஸ் ஷாக்கா, ஆயில் ஷாக்கா என்று அடுத்துக் கேட்பீர்கள். கேஸ் ஷாக்கிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நைட்ரஜன், எண்ணெய் நுரைக்காமல் பார்த்துக்கொள்கிறது. மோசமான ரோட்டில் நெடுநேரம் ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒரிஜினலுக்குச் சமமான எந்த நல்ல பிராண்டும் போதும்.

கேள்வி: என் ஸ்விஃப்டில் 165/80 ஆர்14 டயர். எதற்கு மாற்றலாம்? நண்பர் 16 இன்ச் போடச் சொல்கிறார்.

டயரின் மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கணக்கு. 14 இன்ச் என்பது 355.6 மி.மீ. டயரின் பக்கச் சுவர் 165-ல் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. கூட்டினால் ஏறக்குறைய 620 மி.மீ. இதே கணக்கை மற்ற அளவுகளுக்குப் போட்டால் 185/70 ஆர்14-க்கு 615, 185/65 ஆர்15-க்கு 621.5, 205/50 ஆர்16-க்கு 611 வரும்.

உயரத்தில் மூன்றுமே தேறும். ஆனால் 16 இன்ச்சில் பக்கச் சுவர் 132-லிருந்து 102-க்கு இறங்குகிறது. பள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ரப்பர் மெத்தையில் மூன்று சென்டிமீட்டர் காலி. நம் ஊர் ரோட்டில் அந்த அடியை ரிம்மும் நீங்கள் இப்போதுதான் மாற்றிய புஷ்ஷும் வாங்கும். நண்பரை அவர் காரில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் தேர்வு 185/70 ஆர்14. அந்தக் கால ஸ்விஃப்டின் மேல் மாடலான இசட்எக்ஸ்ஐயில் கம்பெனியே கொடுத்த அளவு. பழைய ஸ்டீல் ரிம்மிலேயே உட்காரும், வீல் செலவு கிடையாது. வளைவில் வண்டி தரையைப் பிடிப்பது முதல் நாளே தெரிந்தது. ஸ்டீயரிங் மட்டும் ஒரு பொடி கனத்தது. மைலேஜில் கொஞ்சம் இழப்பு உண்டு, மறைக்க மாட்டேன்.

கேள்வி: சென்னைப் புதுப்பேட்டையில் ஐ20 காரிலிருந்து கழற்றிய ஒரிஜினல் அலாய் மலிவாகக் கிடைக்கிறது. ஸ்விஃப்டுக்குப் போடலாமா அண்ணா?

போடலாம். நான் போட்டேன். போட்ட அன்றே ஒரு ஸ்டட்டை (நட் ஏறும் போல்ட்) பாழாக்கினேன், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு காருக்கும் பி.சி.டி. (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 4x100, அதாவது நாலு ஓட்டை, 100 மி.மீ.; நடு ஓட்டை 54.1 மி.மீ. அதனால் வீல் அழகாகப் போய் உட்கார்ந்தது. விற்றவர் அந்த வீலோடு வந்த நட்டுகளையும் கொடுத்திருந்தார். பார்க்கப் பளபளவென்று இருந்தன. முதல் நட் கையால் இரண்டு சுற்றுப் போய் நின்றது. துரு என்று நினைத்து, கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியை வைத்து ஒரு அழுத்து. 'கிறீச்' என்றது. கழற்றிப் பார்த்தால் ஸ்டட்டின் மறை மொழுமொழுவென்று வழித்துப் போயிருந்தது. ஸ்விஃப்ட் ஸ்டட்டின் மறை 12x1.25 (12 மி.மீ. தடிமன், மறைக்கு மறை 1.25 மி.மீ.), ஹுண்டாய் நட் 12x1.5. வீல் பொருந்தும், நட் பொருந்தாது. மாருதிக்கான நட்டை வாங்கி, எல்லாவற்றையும் கடைசிவரை கையாலேயே சுற்றி ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள்.

கடையில் ஸ்கேல் இருந்தால் பி.சி.டி.யை நீங்களே அளக்கலாம். நாலு ஓட்டை வீலில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் எவ்வளவோ அதுதான். மாருதி 800-க்கு அது 114.3, ஆகவே "எல்லா மாருதியும் ஒண்ணுதான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஃபோர்டு ஐகான், ஃபிகோவுக்கு 108. ஹோண்டா சிட்டிக்கு 100 என்றாலும் ஒரிஜினல் ஹோண்டா வீலில் நட் உட்காரும் பள்ளம் உருண்டை, நம்முடையது கூம்பு. தொடாமல் விடுவது நல்லது.

வீலின் உள்பக்கம் இ.டி. என்று ஒரு எண் பொறித்திருக்கும், அதுதான் ஆஃப்செட். உங்கள் பழைய வீலின் எண்ணைவிட 10 குறைவென்றால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். முழு லோடில் ஃபெண்டரில் (சக்கரத்தை மூடும் பாடித் தகடு) உரசலாம், வீல் பேரிங்கிலும் சுமை ஏறும். நாலைந்து மி.மீ. வித்தியாசம் பிரச்சினை இல்லை.

காசு கொடுக்கும் முன் வெறும் வீலை பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றச் சொல்லுங்கள். கோணல் கண்ணுக்கே தெரியும். உள்விளிம்பில் வெல்டிங் தழும்போ புதுப் பெயிண்டோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வளைந்த ஸ்டீல் ரிம்மைத் தட்டி எடுக்கலாம், விரிசல் கண்ட அலாயை நம்பி நெடுஞ்சாலையில் போக முடியாது.

கேள்வி: ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் வண்டி தாழ்ந்து ஸ்டைலாக இருக்குமே? செலவும் இல்லை. (மதுரை)

வேலை செய்யும் சுற்று ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங்கின் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஷாக் மட்டும் பழையபடியே இருக்கும், அதனால் துள்ளலை அடக்க முடியாது. வெட்டிய முனை ஸ்பிரிங் தட்டில் சரியாக உட்காராது, பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறலாம். கேஸ் வைத்து வெட்டினாலோ இரும்பின் பதமே போய்விடும். செலவு இல்லை என்றீர்கள், செலவு பின்னால் வரும்.

கேள்வி: ஆல்ட்டோவில் ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் தரையைத் தட்டுகிறது. ஸ்பிரிங் நடுவே ரப்பர் பஃபர் வைக்கலாமா?

பின் ஸ்பிரிங்கில் மட்டும், தற்காலிகமாக வைக்கலாம். அந்த ரப்பர் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உயரம் நிற்கும், ஆனால் தனியாக ஓட்டும்போது பின்பக்கம் குலுக்கும். அதைச் செய்வதற்கு முன்னால், சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளங்கள். பின்பக்கம் மிகவும் தொய்ந்திருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. புது ஒரிஜினல் ஸ்பிரிங் ஒரு ஜோடிதான் வைத்தியம்.

கேள்வி: நைட்ரஜன் காற்று?

நீங்கள் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இரண்டு முறை பிரஷர் பாருங்கள், போதும்.

கேள்வி: இதெல்லாம் மாற்றினால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா சார்?

தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொன்னது. புஷ், ஷாக் மாற்றுவது பராமரிப்பு, யாரும் கேட்கப்போவதில்லை. வீலையும் டயரையும் பொறுத்தவரை, அதே காரின் மேல் மாடலில் கம்பெனி கொடுத்த அளவைத் தாண்டாமல் இருப்பது என் பழக்கம். ஃபெண்டருக்கு வெளியே துருத்தும் டயர்தான் வம்பை வீட்டுக்கு அழைத்து வரும். அலாய் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் மாற்றியாகிவிட்டது. 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. கடையில் அலைன்மெண்ட் மறுபடி செய்யச் சொல்கிறார்கள்.

நடுக்கத்துக்கும் அலைன்மெண்டுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஓரம் தேய்ந்தால்தான் அலைன்மெண்ட். நடுங்கினால் முதலில் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது. வெளிக்கடை அலாய் என்றால் நடு ஓட்டையைப் பாருங்கள். பல கார்களுக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று 73.1 மி.மீ. வரைகூடப் பெரிதாக விட்டிருப்பார்கள். வீல் மாட்டும் ஹப் உங்கள் காரில் 54.1 என்றால் வீல் நட்டுகளின் தயவில் மட்டும் நிற்கிறது. இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று வளையம் விற்கிறார்கள், நான்கு வாங்கிப் போடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. புது டயர் என்ற பெயரில் பழைய சரக்கைத் தள்ளியிருந்தால் பில்லோடு திரும்பிப் போங்கள். இன்னொன்று, புது வீல் மாட்டி 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்கினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே பாருங்கள். நடுக்கத்துக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.