மந்திர நாவல்களும் மயக்க இலக்கியமும்: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

அண்ணே, டோல்கீனின் மோதிர நாவலை ('லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') எடுத்தாலே தூக்கம் வருகிறது. சுருக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்கலாமா? (படிவம் ஐந்து மாணவர்)

வேண்டாம் தம்பி. பிறந்தநாள் விருந்து, உறவுமுறை, புகையிலை என்று ஆரம்பம் மெதுவாகத்தான் போகும். ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் அந்த ஊரில் நீ கொஞ்ச நாள் குடியிருந்தால்தான் பின்னால் அவர்களில் சிலர் இருண்ட நிலத்தில் தவிக்கும்போது உனக்கும் வீட்டு ஞாபகம் வரும். சுருக்கத்தில் சம்பவம் இருக்கும், அந்த ஏக்கம் இருக்காது. பாட்டுகளைத் தாண்டாமல் வாய்விட்டுப் படி.

டோல்கீன் என்ற ஆக்ஸ்ஃபர்ட் பேராசிரியரின் கதை ஹிப்பிகளுக்கு எப்படிப் பிடித்தது? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

நல்ல கேள்வி அக்கா. புத்தகம் வந்தது 1954, 55இல். அமெரிக்காவில் 1965இல் மலிவு பதிப்புகள் வந்தன. முதலில் வந்தது ஆசிரியரின் அனுமதி இல்லாத பதிப்பு, அதே ஆண்டில் அனுமதி பெற்றதும் வந்தது. மாணவர்கள் கையில் அது வந்து சேர்ந்தது வியட்நாம் போர்க் காலத்தில். வல்லமை தரும் மோதிரத்தைப் பயன்படுத்தாமல் அழிக்கப் போகும் பயணம் அவர்களை உலுக்கியதில் வியப்பில்லை. கதை நாயகன் பெயரில் 'ஃப்ரோடோ வாழ்கிறான்' என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். எழுதியவரோ முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்முனையில் நின்ற, பழமையில் ஊறிய கத்தோலிக்கர்.

ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி மயக்க மருந்து எடுத்து எழுதிய புத்தகத்தை ரசிக்க அந்த மருந்தை நாமும் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

கூடாது. சட்டம் இருக்கிறது, உடம்பும் மனமும் இருக்கின்றன. 1953இல் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் பக்கத்தில் இருக்க, ஹக்ஸ்லி மெஸ்கலின் என்ற மயக்க மருந்தை எடுத்தார். அடுத்த ஆண்டு அது 'தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்' என்ற புத்தகமாக வந்தது. அதில் பெரிய தரிசனங்களைத் தேடாதீர்கள். ஜாடியில் மூன்று பூ, நாற்காலியின் கால், தன் கால்சட்டையின் மடிப்பு, இவற்றைத்தான் பக்கம் பக்கமாகப் பார்க்கிறார். சிறுவயதில் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட மனிதர் அவர் என்று தெரிந்து படித்தால் அந்த மடிப்புகள் நெஞ்சைத் தொடும். அந்தப் பார்வையை நமக்குத் தருவது அவருடைய வாக்கியம். வாக்கியம் போதும்.

நம் சித்தர் பாடல்களும் இதே சரக்குதானே?

இல்லை. ஹக்ஸ்லி ஒரு பகல் பொழுதின் அனுபவத்தை விவரிக்கிறார். சித்தர்கள் ஆயுள் முழுக்கச் செய்த சாதனையைப் பரிபாஷை என்ற குறியீட்டு மொழியில் மறைத்துப் பாடுகிறார்கள்.

சித்த மருத்துவத்திலேயே கஞ்சா இருக்கிறதே ஐயா! (அதே வாசகர்)

இருக்கிறது, மருந்துச் சரக்காக. அதை வைத்துப் பாட்டு போதையில் பிறந்தது என்பது அவர்களின் உழைப்பைப் பறிப்பது. சிவவாக்கியர் கோயிலையும் சாதியையும் கேள்வி கேட்டது தெளிந்த புத்தியோடு, சந்தம் பிசகாமல்.

அப்படியானால் இரண்டையும் ஒப்பிடவே கூடாதா? (வேறொருவர்)

தாராளமாக ஒப்பிடுங்கள். சாதாரணப் பொருளைப் புதிதாகப் பார்ப்பது இரண்டிலும் உண்டு. ஒன்றை வைத்து மற்றதை மட்டம் தட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். இதைப் பற்றியே இன்னும் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட். இடைவேளையில் படிக்க?

அர்சுலா லெ குவினின் மந்திர நாவல் எர்த்சீ, 1968. சின்னப் புத்தகம். தீவுகள், படகு, கடல். நாயகன் கெட் செம்புப் பழுப்பு நிறத்தவன். தொலைக்காட்சியில் அவனை வெள்ளையனாக்கியபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்தார்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் டாம் உல்ஃப் எழுதிய மயக்க மருந்துப் பேருந்துக் கதை உண்மையா?

பயணம் உண்மை. 1964இல் நாவலாசிரியர் கென் கீசியும் நண்பர்களும் வர்ணம் பூசிய பள்ளிப் பேருந்தில் அமெரிக்காவைக் கடந்தார்கள். உல்ஃப் அந்தப் பயணத்தில் இல்லை. பேட்டி, ஒலிநாடா, படச்சுருள் கொண்டு 1968இல் எழுதினார். பேருந்தை ஓட்டியவர் நீல் காசடி, ஜாக் கெரோவாக்கின் 'ஆன் தி ரோட்' நாவல் நாயகனுக்கு மாதிரி. அதனால் கெரோவாக்கை முதலில் படியுங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டேன். இனி மோதிர நாவல் எதற்கு?

நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரம் படத்தில் இல்லை. படியுங்கள்.

பிடிஎஃப் கிடைக்குமா?

நூலகத்தில் உறுப்பினராகுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? சுருக்கம் இருந்தால் அனுப்புங்கள்.

எர்த்சீ. சுருக்கம் அனுப்ப மாட்டேன்.